தலைநகரில் மறுபிறவி எடுத்த தமிழ்ப் புத்தகங்கள்

கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறித் தலைநகருக்குக் குடிவந்த குடும்பங்கள் கொண்டுவந்த மூட்டைகளில் என்னென்ன இருந்தன என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கலாம். குத்துவிளக்கு இருக்கும். இட்லிப் பானை இருக்கும். பெரியவர்கள் படம் ஒன்று, ஊர்க்கோயில் சுவாமி படம் ஒன்று, வடாம், ஊறுகாய் ஜாடி எல்லாம் இருக்கும். புத்தகம் என்று பார்த்தால் திருக்குறள், ஒரு தோத்திரப் புத்தகம், பஞ்சாங்கம், மிஞ்சினால் தொடர்கதையைக் கிழித்துத் தைத்த பைண்டு ஒன்று. புத்தகம் கனமான பொருள். அதனால் ஊரிலேயே தங்கிவிட்டது. பரணில் இருந்தவற்றைக் கரையான் அரித்தது, மீதியைப் பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்துப் போனார்.

இதன் விளைவு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது. நம் வீட்டுப் பிள்ளை பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாள். நடராசர் காலடியில் கிடப்பது யார் என்று கேட்கிறாள். பள்ளியில் மௌரியரையும் மொகலாயரையும் விரிவாகப் படித்துவிட்டு வரும் பையன், சோழரைப் பற்றித் தன் பாடநூலில் இருப்பது சில பக்கங்கள்தான் என்கிறான். நாமும் நமக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம். அதற்கு மேல் எடுத்துக் காட்ட வீட்டில் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த விடைகளைச் சொல்லும் பழைய நூல்களில் பல, நாம் குடியிருக்கும் இதே தில்லியில்தான் மீண்டும் அச்சாகி உயிர் பெற்றன. நம்மில் பலர் அந்தக் கடைகளின் வாசலைப் பல ஆண்டுகளாகக் கடந்து போய்க்கொண்டிருக்கிறோம். அந்த நூல்களைப் பற்றியும், மறுபதிப்பு வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைப் பற்றியும் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறோம்.

புத்தகம் எப்படி மறைகிறது?

அச்சான புத்தகம் அழியாது என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான புத்தகங்கள் சத்தமில்லாமல் மறைகின்றன. ஐந்நூறோ ஆயிரமோ பிரதிகள் அச்சாகின்றன, விற்கின்றன, இருப்புத் தீர்கிறது. ஆசிரியர் காலமாகிறார். பதிப்பகத்தார் வேறு தொழிலுக்குப் போகிறார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் பெரிய நூலகம் ஒன்றில், தொட்டால் ஒடியும் தாளில், ஒரே ஒரு பிரதி இருக்கும். புத்தகத்தின் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், புத்தகம் யார் கையிலும் இருக்காது.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் ஏட்டுச் சுவடிகளிலிருந்து மீட்டு அச்சேற்றிய கதை நமக்குத் தெரியும். அவருக்கு முன்னரே சி.வை. தாமோதரம் பிள்ளை அந்தப் பணியைத் தொடங்கியிருந்தார். ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தது முதல் மீட்பு. அந்த அச்சுப் பிரதிகளும் பழையனவான பிறகு அவற்றை மறுபடி அச்சிடுவது இரண்டாவது மீட்பு. முதல் மீட்பைச் செய்தவர்களுக்குச் சிலை இருக்கிறது. இரண்டாவது மீட்பைச் செய்தவர்கள் யார் என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை.

மதுரையில் அச்சாகித் தில்லிக்கு வந்த களஞ்சியம்

அபிதான சிந்தாமணி நல்ல எடுத்துக்காட்டு. சென்னையில் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் தனி ஒருவராகத் தொகுத்த தமிழ்க் கலைக்களஞ்சியம் இது. புராணப் பாத்திரங்கள், அரசர்கள், புலவர்கள், தலங்கள், விரதங்கள், நூல்கள், மரஞ்செடிகள், விலங்குகள் என்று அகரவரிசையில் எல்லாம் இருக்கும். ஒரு பெயரைத் தேடிப் போனால் பத்துப் பெயர்களைப் படித்துவிட்டுத்தான் திரும்புவோம்.

இவ்வளவு பெரிய நூலை அச்சிட ஆள் கிடைக்காமல் அவர் அலைந்தார். கடைசியில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்தார். 1910இல் அச்சங்கத்தின் வழியே முதற்பதிப்பு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களுடன் வெளிவந்தது. முதலியார் அதோடு நிற்கவில்லை. வாழ்நாள் முழுவதும் சேர்த்துக்கொண்டே இருந்தார். அவர் 1931இல் மறைந்த பின், 1934இல் இரண்டாம் பதிப்பு ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பக்கங்களாக வளர்ந்து வெளிவந்தது.

பிறகு நீண்ட காலம் கிடைக்காமல் இருந்த அந்த இரண்டாம் பதிப்பை 1980களில் அப்படியே மறுபதிப்பாகக் கொண்டுவந்தது புதுதில்லியின் ஏசியன் எஜுகேஷனல் சர்வீசஸ். தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே பயன்படும் ஒரு கனத்த நூலை, தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு நிறுவனம் துணிந்து அச்சிட்டது. தொடர்ந்து பலமுறை அச்சிட்டது என்பதே அதற்கு வாங்குவோர் இருந்ததற்குச் சான்று.

அதே நிறுவனம் வேறு பல நூல்களையும் மீட்டது. 1862இல் சென்னையில் வெளிவந்த வின்சுலோவின் தமிழ் – ஆங்கில அகராதி அவற்றில் ஒன்று. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்த அகராதி, ஆங்கிலம் வழியே தமிழைத் தொடும் நம் பிள்ளைகளுக்கு இன்றும் உதவும். மற்றொன்று தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம். சித்த மருத்துவத்தில் பெயர் பெற்ற பண்டிதர், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு 1912 முதல் தஞ்சையில் சங்கீத மாநாடுகளைக் கூட்டினார். சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் புதைந்து கிடந்த இசைக் கணக்குகளைத் தோண்டியெடுத்து, ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதினார். அவருடைய சுருதிக் கணக்கை இன்றைய இசை அறிஞர்கள் எல்லாரும் ஏற்பதில்லை. ஆனாலும் தமிழிசையின் பழமையைப் பேச வந்தவர் எவரும் அந்த நூலைத் தாண்டிப் போக முடியாது.

இன்னொன்று வி. கனகசபைப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய, ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர் பற்றிய நூல். கனகசபைப் பிள்ளை தபால் இலாகா அதிகாரி. அலுவல் நேரம் போக மிஞ்சிய நேரத்தில் ஏடுகளைச் சேர்த்துப் படித்தவர். 1895 முதல் 1901 வரை ஒரு சென்னைப் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளைத் திரட்டி 1904இல் நூலாக்கினார். சங்க காலத்துத் துறைமுகங்கள், வணிகம், உணவு, உடை, அரசர் வரிசை ஆகியவற்றை உலகம் படிக்கும்படி முதலில் எடுத்துச் சொன்ன நூல்களில் அது ஒன்று. மத்திய அரசு ஊழியம் பார்த்துக்கொண்டே தமிழ் வளர்த்த நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கு அவர் முன்னோடி என்று சொல்லலாம்.

லாகூரிலிருந்து வந்தவர்கள்

தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு அருகே, ஜவஹர் நகர் பங்களா ரோட்டில் மோதிலால் பனாரசிதாஸ் என்ற பெயர்ப் பலகையைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். இந்நிறுவனம் 1903இல் லாகூரில் தொடங்கப்பட்டது. 1947 பிரிவினையில் ஊரையும் கடையையும் விட்டு வந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. வேரோடு பெயர்ந்து வந்த ஒரு பஞ்சாபிக் குடும்பம், இந்தியா முழுவதன் பழைய நூல்களையும் அச்சில் காக்கும் வேலையைத் தொழிலாக எடுத்துக்கொண்டது. மாக்ஸ் முல்லர் பதிப்பித்த கீழைநாட்டுப் புனித நூல் வரிசையின் ஐம்பது தொகுதிகளையும் இந்தியாவில் மறுபதிப்புச் செய்தவர்கள் இவர்கள்தான்.

நமக்கு நேரடியாகப் பயன்படும் இரண்டு நூல்களை இங்கே சொல்ல வேண்டும். முதலாவது து.அ. கோபிநாத ராவ் எழுதிய இந்து விக்கிரகவியல் நூல். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தொல்லியல் துறைத் தலைவராக இருந்த அவர், சமஸ்தானத்தின் ஆதரவோடு 1914இலும் 1916இலும் சென்னையில் இதை அச்சிட்டார். எந்தத் தெய்வத்துக்கு எத்தனை கை, எந்தக் கையில் எந்த ஆயுதம், எந்த ஆகமம் என்ன சொல்கிறது, எந்தக் கோயிலில் அந்த உருவம் இருக்கிறது என்று படங்களோடு விளக்கும் நூல். ஆங்கிலத்தில் இருப்பதால் நம் பிள்ளைகளே படித்துக்கொள்ளலாம். கோடை விடுமுறையில் தஞ்சாவூருக்கோ காஞ்சிபுரத்துக்கோ போகுமுன் இதில் பத்துப் பக்கம் படித்துவிட்டுப் போனால் கோயில் சுவர் பேசத் தொடங்கும்.

இரண்டாவது சுரேந்திரநாத தாஸ்குப்தாவின் இந்தியத் தத்துவ வரலாறு. 1922 முதல் 1955 வரை ஐந்து தொகுதிகளாகக் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது. ஐந்தாம் தொகுதி அவர் 1952இல் மறைந்த பிறகே அச்சாயிற்று. ஆழ்வார்களையும் இராமானுசரையும் மூன்றாம் தொகுதியில் ஒரு வங்காள அறிஞர் எவ்வளவு பொறுமையாக விளக்குகிறார் என்று பார்க்க வேண்டும். ஐந்தாம் தொகுதி தென்னாட்டுச் சைவத்துக்கே ஒதுக்கப்பட்டது. இதுவும் பனாரசிதாஸ் மறுபதிப்பாக வந்தது. எளிதான வாசிப்பு என்று சொல்லமாட்டோம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை, நம் சமயத்தில் வெறும் சடங்குதான் இருக்கிறதா என்று கேட்டால், அப்போது எடுத்துக் கொடுக்க வேண்டிய நூல் அது.

தில்லியின் மற்றொரு பழைய பதிப்பகமான முன்ஷிராம் மனோகர்லால் மீட்டவற்றுள் ஆனந்த குமாரசுவாமியின் நூல்கள் முக்கியமானவை. 1877இல் கொழும்பில் பிறந்த இவர், ஈழத்துத் தமிழ்ப் பெரியார் முத்து குமாரசுவாமியின் மகன். சிவ தாண்டவம் பற்றிய இவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1912இல் சென்னையிலிருந்து வந்த சித்தாந்த தீபிகை இதழில் முதலில் வெளிவந்தது. 1918இல் அது நியூயார்க்கில் நூல் வடிவம் பெற்றது. நடராச வடிவத்தின் ஒவ்வொரு கையும் காலும் என்ன பொருள் தருகின்றன என்று மேல்நாட்டாருக்கு விளங்கவைத்த கட்டுரை அது. தமிழ்ச் சைவ நூல்களைச் சான்று காட்டியே அவர் அதை எழுதினார். நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தை 1917இல் அவர் துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் தந்தார். நாட்டியம் கற்கும் நம் பெண்கள் சுலோகமாக மனப்பாடம் செய்யும் முத்திரைகளுக்கு உரிய விளக்கம் அதில் இருக்கிறது.

இந்த வரிசையில் சி. சிவராமமூர்த்தியை மறக்கக்கூடாது. தமிழரான அவர் தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தவர். கலை, சிந்தனை, இலக்கியம் மூன்றிலும் நடராசரை ஆராய்ந்த அவருடைய பெருநூலை 1974இல் அந்த அருங்காட்சியகமே வெளியிட்டது; பின்னர் மத்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு மறுபடியும் கொண்டுவந்தது. ஜன்பத் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்க்கப் போகும் நம் குடும்பங்கள், அவற்றைப் பற்றி எழுதிய தமிழர் ஒருவர் அதே கட்டடத்தில் தலைமை வகித்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

யார் வேண்டுமானாலும் அச்சிடலாமா?

பழைய நூலை மறுபதிப்புச் செய்ய யாருக்கு உரிமை என்ற கேள்வி எழும். நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்தபின் அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை அவருடைய வாரிசுகளுக்கு உண்டு. முன்பு ஐம்பது ஆண்டுகளாக இருந்ததை, தாகூரின் படைப்புகளுக்கு உரிமை முடியும் தறுவாயில் 1992இல் அறுபதாக்கினார்கள். சாமிநாதையர் 1942இல் மறைந்தார். எனவே 2003 முதல் அவர் எழுதியவற்றை யாரும் அச்சிடலாம். 1975இல் மறைந்த வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் நூல்களுக்கு 2035 முடியும்வரை உரிமை இருக்கிறது.

தமிழ்நாட்டில் வேறொரு வழியும் உண்டு. அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குவது. பாரதியின் படைப்புரிமையை 1949இல் அரசு பெற்று, பின்பு மக்களுக்கே பொதுவாக்கியது இதற்கு வழிகாட்டி. கல்கியின் நூல்கள் 1999இல் நாட்டுடைமை ஆயின. அதற்குப் பிறகு பொன்னியின் செல்வன் எத்தனை பதிப்பகங்களிலிருந்து, எத்தனை விலைகளில் வந்தது என்பதைப் புத்தகக் கண்காட்சிக்குப் போனவர்கள் அறிவார்கள். விலை குறைந்தது நல்லது. அவசரத்தில் அச்சுப்பிழை மலிந்ததும், முன்னுரைகளும் படங்களும் காணாமற் போனதும் அதன் மறுபக்கம்.

மறுபதிப்பில் மூன்று வகை உண்டு. பழைய பக்கங்களை ஒளிப்படம் எடுத்து அப்படியே ஆப்செட்டில் அச்சிடுவது ஒரு வகை. தில்லியில் வந்த பல நூல்கள் இந்த வகைதான். புதிய பிழை சேராது. ஆனால் மூலத்தில் மங்கிய எழுத்து இங்கும் மங்கலாகவே இருக்கும். புதிதாக எழுத்துக் கோத்து அச்சிடுவது இரண்டாம் வகை. படிக்க எளிது, பிழை திருத்துபவர் கவனமாக இல்லாவிட்டால் ஆபத்து. இவ்வகையில் நல்ல முறையில் செய்யப்பட்டவை மர்ரே எஸ். ராஜம் 1950களில் மலிவு விலையில் வெளியிட்ட பழந்தமிழ் நூல்கள். சந்தி பிரித்து, சாதாரண வாசகரும் படிக்கும்படி தந்தார். அவற்றை 1981இல் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மீண்டும் வெளியிட்டது. மூன்றாவது வகை, ஆசிரியரோ பதிப்பாசிரியரோ திருத்திப் புதுக்கிய பதிப்பு. ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட பழந்தமிழ்க் கல்வெட்டு நூலைப் பதினொரு ஆண்டுகள் கழித்துத் தாமே திருத்தி 2014இல் புதிய பதிப்பாகத் தந்தது இதற்கு எடுத்துக்காட்டு.

எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

கடையில் புத்தகத்தை எடுத்ததும் அட்டையைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னே இருக்கும் பக்கத்தைப் பலர் பார்ப்பதில்லை. இது எந்த ஆண்டு நூல், எத்தனையாவது பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பது அங்கேதான் இருக்கும். கால்டுவெல்லின் கதை இதற்கு நல்ல பாடம்.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்டார். 1875இல் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். 1891இல் மறைந்தார். 1913இல் வந்த மூன்றாம் பதிப்பு வேறிருவர் கைபட்டது. அதில் இரண்டாம் பதிப்பில் இருந்த சில பகுதிகள் நீக்கப்பட்டன. பறையர் திராவிடரா என்ற கேள்வியை எடுத்துப் பேசிய பின்னிணைப்பும் அவற்றில் அடங்கும். பிறகு பல்லாண்டுகள் சென்னையிலும் தில்லியிலும் மறுபதிப்பானது இந்த மூன்றாம் பதிப்புத்தான். படித்தவர்கள் எல்லாரும் கால்டுவெல்லை முழுமையாகப் படித்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள். 2008இல்தான் கவிதாசரண் வெளியீடாக 1875ஆம் ஆண்டுப் பதிப்பு சென்னையில் மறுபடி அச்சாயிற்று. நீக்கியவர்களின் நோக்கம் எதுவாயினும், ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றிய பகுதி ஒரு தலைமுறைக்கு மேல் வாசகர் கண்ணுக்குப் படாமல் போயிற்று. மறுபதிப்பு ஒரு நூலைக் காப்பாற்றும். எந்தப் பதிப்பை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு பகுதியை மறைக்கவும் செய்யும்.

ஆண்டைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய நூல் பழைய அறிவையே சொல்லும். கனகசபைப் பிள்ளை 1904இல் நூலை முடித்தபோது நற்றிணையும் குறுந்தொகையும் அகநானூறும் அச்சேறவில்லை. அரிக்கமேட்டு அகழாய்வு நடக்கவில்லை. கீழடி அகழாய்வை அவர் கனவிலும் கண்டிருக்க முடியாது. ஆகவே அவர் கணித்த அரசர் காலங்களை இன்று பரீட்சையில் எழுதக்கூடாது. அவ்வளவு குறைந்த சான்றுகளைக் கொண்டு அவர் எவ்வளவு தூரம் பார்த்தார் என்று வியக்கலாம். பிள்ளைகளுக்கு வரலாறு எப்படி எழுதப்படுகிறது, எப்படித் திருத்தப்படுகிறது என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. பழைய நூல் ஒன்றையும் புதிய நூல் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

தும்பிக்கை எழுத்து

சங்கத்துத் தமிழ் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற குழந்தை அபிதான சிந்தாமணியைத் திறந்ததும் தடுமாறும். யானைத் தும்பிக்கை போல மேலே வளைந்த லை, னை, ணை, ளை இருக்கும். கொக்கி போட்டு மடங்கிய ணா, றா, னா இருக்கும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது மாறிய பதின்மூன்று எழுத்துகள் இவை. அதற்கு முற்பட்ட அச்சை ஒளிப்பட முறையில் மறுபதிப்புச் செய்த நூல்கள் எல்லாவற்றிலும் பழைய வடிவமே இருக்கும்.

இது பெரிய தடை ஒன்றுமில்லை. பதின்மூன்று எழுத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கற்றுவிடலாம். பாட்டி எழுதிய கடிதங்கள் வீட்டில் இருந்தால் அவற்றையே பாடமாக வைக்கலாம். கற்றுக்கொண்டால் நூறாண்டுத் தமிழ் அச்சு முழுவதும் அந்தக் குழந்தைக்குத் திறந்துவிடும். கற்காவிட்டால் 1978க்கு முந்திய எதுவும் அந்நியமாகவே நிற்கும்.

தமிழே படிக்காத பிள்ளைகளையும் நாம் கைவிட வேண்டியதில்லை. கோபிநாத ராவும் குமாரசுவாமியும் சிவராமமூர்த்தியும் ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள். சாமிநாதையரின் என் சரித்திரத்தைக் கமில் சுவலபில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். நீலகண்ட சாஸ்திரியின் தென்னிந்திய வரலாறு 1955இல் ஆங்கிலத்தில் வந்து, தொடர்ந்து பல பதிப்புகளைக் கண்டது. ஆங்கிலம் வழியே உள்ளே வந்த பிள்ளை, ஆர்வம் பிடித்தால் தமிழ் எழுத்தைத் தேடித் தானே வருவான்.

எங்கே தேடுவது, எதை வாங்குவது?

இப்போது பழைய நூல்கள் பலவற்றின் பக்கங்களை இலவசமாகவே கணினியில் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமே அதற்குப் போதும். ஆராய்ச்சி செய்பவருக்கு அது பெரிய வரம். ஆனால் வீட்டில் உள்ள குழந்தை கணினியில் அபிதான சிந்தாமணியைத் தேடிப் போகாது. அலமாரியில் கண்ணுக்கு எதிரே தடித்த புத்தகம் ஒன்று இருந்தால், மழை நாளில் ஒருமுறையாவது எடுத்துப் புரட்டும்.

தேட இடங்கள் பல. பிரகதி மைதானத்து உலகப் புத்தகக் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போகிறோம். சமையல் புத்தகத்தோடு திரும்பாமல் மறுபதிப்புக் கடைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவரலாம். நயீ சடக்கில் பழைய கடைகள் உண்டு. தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிறுதோறும் நடந்த பழைய புத்தகச் சந்தை 2019இல் ஆசப் அலி சாலையருகே மகிளா ஹாட்டுக்கு இடம் மாறியது. ரவீந்திர பவனில் சாகித்திய அகாதெமி இருக்கிறது. லோதி சாலையில் வெளியீட்டுப் பிரிவு இருக்கிறது.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூலகங்களுக்கென்றே அச்சாகும் மறுபதிப்புகள் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத விலையில் இருப்பதுண்டு. ஐந்து தொகுதிகளை ஒரு வீடு வாங்க வேண்டியதில்லை. நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கிச் சுற்றுக்கு விடலாம். சங்க நூலகத்துக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். பிறந்த நாளுக்கும் மணிவிழாவுக்கும் எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு புத்தகம் கொடுக்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரு களஞ்சியம், ஒரு நல்ல அகராதி, ஒரு வரலாறு, ஒரு கலை நூல், சந்தி பிரித்த ஒரு சங்க நூல் என்று ஐந்து போதும். ஆண்டுக்கு ஒன்று வாங்கினால் ஐந்தாண்டில் முடிந்துவிடும்.

பரணில் இருப்பதை எடைக்குப் போடுமுன்

கடைசியாக ஒரு வேண்டுகோள். பணி ஓய்வு பெற்று ஊர் திரும்புவோரும், மகன் வீட்டுக்குக் குடி மாறுவோரும் பழைய புத்தகங்களைக் கபாடிவாலாவிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவருக்குப் புறநானூறும் பழைய டெலிபோன் டைரக்டரியும் ஒரே விலை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, இப்படிக் கழித்துக் கட்டப்பட்ட புத்தகங்களையும் இதழ்களையும் நோட்டீசுகளையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பின் அந்தச் சேகரிப்பே 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆயிற்று. பலர் வேண்டாம் என்று தள்ளிய பிரதிதான் பின்னால் ஒரு மறுபதிப்புக்கு மூலமாகிறது. மூலப் பிரதி ஒன்று கூட மிஞ்சாவிட்டால் எந்தப் பதிப்பகத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே வீட்டில் 1950க்கு முந்திய தமிழ் நூல் எது இருந்தாலும், அட்டை கிழிந்திருந்தாலும், எடைக்குப் போடுமுன் சங்க நூலகரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், ஆண்டு ஆகிய நான்கையும் ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்பினாலே போதும். உறுப்பினர் வீடுகளில் உள்ள பழைய நூல்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்தால், எந்த நூல் யாரிடம் இருக்கிறது என்பதாவது தெரிந்திருக்கும்.

பாண்டித்துரைத் தேவர் போல ஒரு களஞ்சியத்தை அச்சிடும் வசதி நமக்கு இல்லை. அச்சிட்டதை வாங்குவதும், வாங்கியதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து புரட்டுவதும், இருப்பதைத் தூக்கிப் போடாமல் வைப்பதும் நம்மால் ஆகும். பொங்கலுக்குத் துணி எடுக்கக் கரோல்பாக் போகும்போது, புத்தகக் கடைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.